3,850 ரூபாய்க்கு ஓர் ஈரப் பை

மாவுக்கட்டோடு யாராவது வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். வீக்கத்துக்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அப்பத்தா வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வழுக்கி விழுந்தார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் தரை. தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கியதும் அவர்களேதான். மணிக்கட்டு முறிவு. காரைக்குடியில் கட்டுப் போட்டு, கையை உயர்த்தியே வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் விரல்கள் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தன.

பயத்தில், மருத்துவ சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்கு போன் போட்டேன். கட்டுக்கு மேலேயே மாட்டும் குளிர் உறையாம். "அண்ணே, எங்க அப்பத்தாவுக்கும் இதைத்தான் மாட்டினேன், ஒரே ராத்திரியில வடிஞ்சிருச்சு" என்றான் போனை எடுத்தவன். அந்த 'எங்க அப்பத்தா'வில்தான் நான் கவிழ்ந்தேன். நான் சொன்ன சொல்லையே பிடித்துத் திருப்பிச் சொல்லியிருக்கிறான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. முழுப் பணமும் முன்கூட்டியே அனுப்பினேன், 3,850 ரூபாய்.

மறுநாளே கூரியரில் வந்தது, அதில் மட்டும் குறைவில்லை. இறுக்கி மாட்டி ராத்திரி முழுக்க விடச் சொன்னான். ஜெல் பை ஒழுகி மாவு ஊறிவிட்டது. மூன்று மணிக்கு, "விரல் மரத்துப்போச்சுடா" என்றார்கள். நகமெல்லாம் நீலம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை நீளவாக்கில் அறுத்து விரித்த பிறகுதான் நிறம் திரும்பியது. உள்ளே அழுத்தம் ஏறினால் சதையும் நரம்பும் செத்துப்போகும் என்றார் டாக்டர்.

கடைக்குப் பேசினால், மருத்துவப் பொருளைத் திருப்பி வாங்க மாட்டோம் என்கிறாள் ஒரு பெண். அடுத்த தடவை எடுத்தவனுக்குப் பெட்டி பிரித்த வீடியோ வேண்டுமாம். அப்பத்தா கையைப் பார்ப்பேனா, வீடியோ எடுப்பேனா? மூன்றாவது தடவை அந்த 'அண்ணே' ஆளே எடுத்தான். "சார், உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிருச்சு." அண்ணன் சார் ஆகிவிட்டேன். 3,850 ரூபாய்! 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

சரி, வீக்கம். முதல் இரண்டு மூன்று நாள்தான் அதிகம். கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், விரல்களை அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஐஸ் என்றால் ஒழுகாத பிளாஸ்டிக் பையில், துணி சுற்றி, 15 நிமிடம் போதும், கட்டு நனையவே கூடாது. வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலமானாலோ நடுராத்திரி என்றாலும் ஓடுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன். தலையணை சரிந்துவிட்டதாம், அப்பத்தா கூப்பிடுகிறார்கள்.