சிவப்பு எழுத்தை முதலில் படியுங்கள்: டி.ஏ.ஆர். வம்சாவளித் தேடல் தளம்

அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியவர்களின் வழிவந்த பெண்களுக்கான டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன் (டி.ஏ.ஆர்.) சங்கத்தில் சேர வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. என் மகளுக்கு 18 முடிந்ததும் பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம் என்று முடிவானது. ஆதாரம் திரட்டும் வேலை எனக்கு. எட்டு மாதமாக, சங்கத்தின் ஜெனியலாஜிகல் ரிசர்ச் சிஸ்டம் என்ற இலவசத் தளத்தோடுதான் என் இரவுகள் கழிந்தன.

முன்னோர் பெயரைக் கொடுத்தால் அவர் செய்த சேவை, மனைவி பெயர், அவர் வழியில் ஏற்கெனவே சேர்ந்தவர்களின் தலைமுறை வரிசை எல்லாம் வருகிறது. துப்பாக்கி தூக்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் முன்னோர் பென்சில்வேனியாவில் போர்க்கால சப்ளை வரி கட்டிய விவசாயி. அதுவும் சேவைதான்.

அவர் பக்கத்தைத் திறந்ததும் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. முன்பு ஏற்றுக்கொண்ட விண்ணப்பம் ஒன்றில் சிக்கல் இருக்கிறதாம். எனக்குப் பகீரென்றது. ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்த வரிதான். அதற்கு முன் ஒருவரிடம் பணம் கொடுத்து வம்ச மரம் எழுதி வாங்கியிருந்தேன். ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இருந்த இரண்டு பேரை அதில் ஒருவராக்கி வைத்திருந்தார். எச்சரிக்கை இல்லாவிட்டால் அப்படியே அனுப்பியிருப்பேன். தன் பழைய பதிவில் உள்ள தவறைத் தானே எல்லோருக்கும் தெரியக் காட்டும் நேர்மைக்காகவே இந்தத் தளத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

எல்லாம் இங்கேயே கிடைத்துவிடாது. உயிரோடு இருப்பவர்களின் விவரம் காட்டமாட்டார்கள். சமீபத் தலைமுறைகளுக்குப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களை நாம்தான் வாங்க வேண்டும். என் கல்யாணச் சான்றிதழ்கூடத் தேவைப்பட்டது. இன்னும் பின்னே போனால், குடும்பத்தில் எல்லோர் பெயரையும் எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு 1850-இல்தான், அதுவும் அடிமைகளாக இல்லாதவர்களுக்கு மட்டும். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர், மற்றவர்களுக்கு வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1890 கணக்கில் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போயிற்று.

எங்களுக்கு அறுந்த கண்ணி ஒரு மகள், யார் பெற்ற பிள்ளை என்பதற்கு ஆதாரமே இல்லை. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்தில் ஓஹாயோ உயில் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பெயரைத் தட்டித் தேடினால் சிக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஜெஸ்ஸி என்ற பெயரில் இரட்டை எஸ்ஸின் முதல் எஸ்ஸை அந்தக்கால எழுத்தர் எஃப் போல நீட்டி எழுதியிருக்கிறார். அதற்கடுத்த வரி: 'என் மகள் எலிசபெத், ஜெஸ்ஸியின் மனைவி, அவளுக்கு ஒரு பசு.' மாமியாரை எழுப்பிக் காட்டினேன். திரையில் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். பழைய விண்ணப்பங்களின் நகலைக் கட்டணம் கட்டி வாங்குவதற்கு முன், சிவப்பு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.