ஸ்கேனரை வைத்துப் பாடம் நடத்திய ஐந்து ஆண்டுகள்

சென்னையிலுள்ள ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவுக்குப் பாடம் நடத்தும் நான், ஐந்து ஆண்டுகளாக ஓபிடி ஸ்கேனரை, அதாவது காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுகளைப் படித்துக் காட்டும் கருவியை, பணிமனை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வாகனப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு இது இல்லாமல் பாடம் முழுமையாகாது என்றுதான் வாங்கினோம். வாங்கியது சரியே, முதல் இரண்டு ஆண்டுகள் அதைக் கற்பித்த முறைதான் தவறு.

ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 முனை கனெக்டரில் கருவியைச் செருகியதும் திரையில் வரும் கோளாறுக் குறியீட்டு எண்ணையே மாணவர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு காரில் பி0171 என்ற குறியீடு வந்தது. கலவையில் பெட்ரோல் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று ஒரு குழு எழுதிக் கொடுத்தது. இன்ஜின் ஓடும்போதே சென்சார் அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவைத் திறக்கச் சொன்னேன். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, எரிபொருள் திருத்தம் (கணினி கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோலின் அளவு) 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. இன்ஜின் சுழற்சியை நிமிடத்துக்கு 2,500 ஆக (ஆர்பிஎம்) ஏற்றியதும் இறங்கியது. காற்றளவு சென்சாரைத் தாண்டி எங்கோ காற்று நுழைகிறது என்பதற்கு அது அடையாளம். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால், சிறு கசிவும் அங்கே பெரிதாகத் தெரியும். இன்ஜினின் காற்று உறிஞ்சும் பகுதியோடு இணைந்த ரப்பர் குழாயான வேக்குவம் ஹோஸின் அடிப்பக்கத்தில், விரலால் வளைத்தால் மட்டுமே வாய் திறக்கும் ஒரு வெடிப்பு இருந்தது.

அதன்பின் வரிசையை மாற்றினேன். இப்போது முதல் நான்கு வாரங்கள் வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டர் மட்டுமே. பிறகு பயிற்சி இன்ஜினில் கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் பார்க்கச் சொல்வேன். மே மாத வெயிலில் வியர்த்து நிற்கும் பிள்ளைகளுக்கு அது மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கழற்றிய ஒயர் முனையில் மீட்டரை வைத்தால் 5 வோல்ட். சென்சார் கெட்டாலும் ஒயர் அறுந்தாலும் கணினிக்கு இரண்டும் ஒன்றே என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

கருவியில் குறை உண்டு. ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் புதிய மாடல்களைப் படிக்காது. அரசு நிதியில் நடக்கும் வகுப்புகளுக்கு இது பெரிய சுமை. ஆகவே வாங்குவோர் விலையோடு சந்தாவையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒயரிங் பயிற்சிக்குப் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஹார்னஸே (காரின் ஒயர் கட்டு) எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது; மழைநீர் புகுந்து பச்சை பூத்த முனைகளை அதில்தான் காட்டுகிறேன்.

சென்ற மாதம் ஒரு காரில் ஸ்கேனர் உயிர்பெறவே இல்லை. யாரும் கருவியைக் குறை சொல்லவில்லை. ஒரு மாணவி மீட்டரை எடுத்து, கருவிக்கு மின்சாரம் தரும் 16ஆம் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. நேரே ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தாள்.