வெப்பநிலை காம்பன்சேஷன் உள்ள ஆக்சிஜன் புரோப் வாங்குகிறீர்களா? 38,000 ரூபாய் போன கதை இது

விருத்தாசலத்தில் சின்னதாகக் கேஸ் சூளை வைத்துப் பீங்கான் சாமான் சுடுகிறோம். தொழிற்சாலைப் பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் 38,000 ரூபாய்க்கு சிர்கோனியா புரோப் வாங்கினேன். சூளைக்குள் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் என்று காட்டும் கருவி அது. அதன் நுனியில் இருக்கும் சிர்கோனியா பீங்கான் செல், ஒரு பக்கம் வெளிக்காற்றையும் மறு பக்கம் சூளைப் புகையையும் ஒப்பிட்டு மில்லிவோல்ட் தரும். காம்பன்சேஷன், அதாவது சூட்டுக்கு ஏற்றபடி கணக்கைச் சரிசெய்யும் வசதி, உள்ளேயே இருக்கிறதாம்.

சூளைக்கு அதுதான் உயிர். சிர்கோனியா தரும் மில்லிவோல்ட் ஆக்சிஜனை மட்டுமல்ல, சூட்டையும் பொறுத்தது. அதனால் செல்லை ஒட்டியே சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயர் இருக்க வேண்டும்.

விற்றவர் வீடியோ காலில் புரோபைச் சூடேற்றினார். திரையில் 20.9, சாதாரணக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சதவீதம். "இன்னும் ஏத்துறேன் சார், நல்லா பாருங்க, அசையுதா?" அசையவில்லை. அதைப் பார்த்துத்தான் பணம் போட்டேன். பித்தலாட்டமே அங்கேதான். செல்லின் இரு பக்கமும் ஒரே காற்று என்றால் எந்தச் சூட்டிலும் மில்லிவோல்ட் பூஜ்யம்தான். காம்பன்சேஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 20.9 தான் காட்டும்!

சூளையில் மாட்டி, திரையில் 3 சதவீதம் வரும்படி காற்றை வைத்தோம். கேஸ் எக்கச்சக்கமாகப் போனது. சூளை 1,000 டிகிரியில் எரிகிறது, திரையில் வெப்பநிலை 700. காலையில் ஆறிக் கிடந்த சூளையிலும் அதே 700! புரோபின் தலையைக் கழற்றினேன். தெர்மோகப்பிள் என்று எழுதிய இரண்டு திருகிலிருந்தும் போன வயர், பீங்கான் குழாய்க்குள் ஒரு விரற்கடை போய் வெட்டப்பட்டிருந்தது. 700 என்று கருவிக்குள் நிரந்தரமாக எழுதிவிட்டார்கள். கணக்குப் போட்டால், திரையில் 3 காட்டும்போது சூளைக்குள் கிட்டத்தட்ட 4.7. அத்தனை வெட்டிக் காற்றையும் என் கேஸ் சுட வைத்திருக்கிறது.

விற்றவரிடம் கேட்டால், "உங்க சூளையிலதான் கோளாறு சார்." வெட்டிய வயரைப் படமெடுத்து அனுப்பினேன். "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." யார் கூப்பிட்டார்கள்? அப்புறம் போனையே எடுக்கவில்லை. தளத்துக்காரர்களோ, சூட்டில் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். சூளைக்கு வாங்கியதைப் பின்னே ஃப்ரிட்ஜிலா வைப்பார்கள்? 38,000 ரூபாய், கேஸ் நஷ்டம் தனி.

விவரமாக இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போதைக்கு இவ்வளவுதான்: காற்றில் காட்டும் டெமோவை நம்பாதீர்கள். 2 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜன் சிலிண்டரை விட்டு, இரண்டு வேறு சூட்டில் காட்டச் சொல்லுங்கள். மில்லிவோல்ட்டும் வெப்பநிலையும் தனித்தனியாகக் காட்டாத கருவி வேண்டவே வேண்டாம். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள்.