‘ஒரிஜினல் கேமரா கலர்’ ப்ரொஃபைல் பேக் வாங்கும் முன் என் ஆல்பத்தின் கதையைக் கேளுங்கள்

“தம்பி, படமெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா இது எங்க புடவை இல்லையே.”

ஆல்பத்தின் ஏழாவது தாளில் விரலை வைத்துக் கல்யாணப் பெண்ணின் அம்மா சொன்னது இது. திருபுவனத்துக்கே போய் எடுத்த அரக்கு முகூர்த்தப் பட்டு. என் ஆல்பத்தில் அது ராணி பிங்க்காக இருந்தது. மறு அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய் என் கையிலிருந்து போனது. அதற்குக் காரணம் ஒரு ப்ரொஃபைல் பேக், அதாவது லைட்ரூம் என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருளில் படத்தின் நிறத்தை முடிவு செய்யும் ஃபைல்களின் தொகுப்பு. அதன் விலை 2,499 ரூபாய். சீசன் நேரம் பார்த்து அதே பேக்கை மறுபடியும் விற்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஆளின் பெயரையும் கடைப் பெயரையும் போடவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு வருவது அவர்களுக்குப் பெரிய வேலையும் இல்லை.

கும்பகோணத்தில் பதினோரு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். முன்பெல்லாம் ஜேபெக் மட்டும்தான். நிக்கான் இசட்6 டூ வாங்கியபின் ராவுக்கு, அதாவது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலுக்கு, மாறினேன். மாறியவுடன் எல்லாருக்கும் வரும் அதிர்ச்சி எனக்கும் வந்தது. கேமரா திரையில் பளிச்சென்று இருந்த படம் லைட்ரூமில் திறந்த ஒரு நொடியில் சப்பென்று ஆகிவிடும். முதலில் தெரிவது ரா ஃபைலுக்குள் கேமரா சேர்த்துவைத்த ஜேபெக். அடுத்து வருவது லைட்ரூம் தன் கணக்கில் போட்ட நிறம். நாமாக மாற்றாதவரை, 2018 ஏப்ரலிலிருந்து அது ‘அடோபி கலர்’ என்ற ப்ரொஃபைலில்தான் படத்தைத் திறக்கிறது. கேமராவில் நாம் பார்த்துப் பார்த்து வைத்த பிக்சர் கண்ட்ரோல் (நிக்கானின் நிற அமைப்பு) அங்கே செல்லாது. இது அப்போது எனக்குத் தெரியாது. கேமராவில்தான் கோளாறோ என்று ஒரு வாரம் தூக்கம் போனது.

அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது. ‘உங்கள் கேமராவின் ஒரிஜினல் கலர், 500 ப்ரொஃபைல், எல்லா சாஃப்ட்வேரிலும் வேலை செய்யும், கூடவே ஒரு வருட லைட்ரூம் லைசென்ஸ்.’ போன் செய்தேன். “அண்ணே, நீங்க மாடல் மட்டும் சொல்லுங்க, உங்க கேமரா பாடிக்குன்னே பண்ணித் தரேன்” என்றான் பையன். ஜிபே போட்ட பத்தாவது நிமிடம் டிரைவ் லிங்க் வந்துவிட்டது. என் கேமராவுக்கென்றே செய்ததாம், பத்து நிமிடத்தில்! அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

500-இல் 460 வெறும் ப்ரீசெட். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ப்ரீசெட் என்பது எக்ஸ்போஷர், கான்ட்ராஸ்ட் ஸ்லைடர்களை நமக்குப் பதிலாக நகர்த்தி வைப்பது. ப்ரொஃபைல் அதற்கும் அடியில் இருப்பது. சென்சார் பதிவு செய்த எண்களில் எது எந்தச் சிவப்பு, எது எந்தப் பச்சை என்று முடிவு செய்வதே அதுதான். ஸ்லைடர் ஒன்றும் நகராது, நிறம் மாறும். மீதி 40 மட்டும் டிசிபி ஃபைல்கள், அதாவது நிஜமான கேமரா ப்ரொஃபைல்கள். ‘சவுத் வெட்டிங் ரிச்’ என்ற ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நகை ஜொலித்தது, மஞ்சள் பூசிய முகம் தகதகவென்று இருந்தது. முழுக் கல்யாணத்தையும் அதிலேயே முடித்து லேபுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்கலாம். மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளையாகவே இருந்தது. நம் ஆட்கள் நிறம் சரியா என்று பார்ப்பது வெள்ளையை வைத்துத்தான். ஆனால் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சம் எதுவானாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) சரியாக இருந்தால், எவ்வளவு தப்பான ப்ரொஃபைலைப் போட்டாலும் வெள்ளையும் சாம்பலும் அநேகமாகத் தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து மாதிரி அழுத்தமான நிறங்கள். கல்யாணத்தில் இருப்பதெல்லாம் அவைதானே. முகூர்த்தம் முடிந்த கையோடு பெண் வேறு புடவைக்கு மாறிவிட்டதால், அந்தப் புடவையை நேரில் நான் பார்த்ததும் அரைமணி நேரம்தான்.

ஆல்பம் திரும்பி வந்த அன்று இரவு என் அக்கா மகன் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். டிசிபிடூல் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, டிசிபி ஃபைலைப் பிரித்து உள்ளே இருப்பதை எழுத்தாகவும் எண்ணாகவும் காட்டும். ஒவ்வொரு டிசிபியும் ஒரு குறிப்பிட்ட கேமரா மாடலோடு கட்டப்பட்டது. மாடல் பெயர் பொருந்தாவிட்டால் லைட்ரூம் பட்டியலில் அது வரவே வராது. பையன் அந்த ஒரு வரியில் மட்டும் என் கேமரா பெயரை அடித்திருந்தான். கீழே காப்புரிமை வரியில் அடோபியின் பெயர் அப்படியே கிடந்தது, அதை அழிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. “மாமா, இந்த நம்பரைப் பாருங்க” என்று அக்கா மகன் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். டங்ஸ்டன் (பழைய மஞ்சள் பல்பு) வெளிச்சத்துக்கு ஒன்று, பகல் வெளிச்சத்துக்கு ஒன்று என்று உள்ளே இரண்டு நிற அட்டவணைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒன்பது எண்கள். லைட்ரூமோடு சும்மாவே வரும் வேறொரு கம்பெனியின் பழைய கேமரா ஃபைலில் இருந்த எண்களும் என்னுடையதும் கடைசித் தசமம் வரை ஒன்று. அந்தக் கேமராவின் சென்சார் மேலிருக்கும் நிற வடிகட்டி வேறு, என்னுடையது வேறு. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்திருக்கிறேன்.

‘ஒரு வருட லைசென்ஸ்’ கதை சுருக்கமானது. யாரோ ஒருவருடைய கணக்கின் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும். தனிநபர் சந்தாவை ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரில்தான் ஆக்டிவேட் செய்ய முடியும், இவன் எத்தனை பேருக்கு விற்றானோ. திறக்கும்போதெல்லாம் வேறு இரண்டு இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வரும். மூன்றாம் மாதம் பாஸ்வேர்டே மாறிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

‘எல்லா சாஃப்ட்வேரிலும் வேலை செய்யும்’ என்பதும் பொய். கேப்சர் ஒன் என்ற மென்பொருள் ஐசிசி என்ற வேறு வகை ப்ரொஃபைலைத்தான் எடுத்துக்கொள்ளும், டிசிபி அங்கே உதவாது. டார்க்டேபிளுக்கும் அதே கதை. ராதெரபி டிசிபியைப் படிக்கும், இலவசமும்கூட. நீங்கள் எதை வைத்து வேலை செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ப்ரொஃபைலுக்குக் காசு கொடுப்பது, செருப்பு அளவு தெரியாமல் சாக்ஸ் வாங்குகிற மாதிரி.

சரி, கேமரா திரையில் பார்த்த நிறம் வேண்டும், என்ன செய்வது? எனக்கு வலித்த இடமே இதுதான். லைட்ரூமில் டெவலப் பக்கத்தில், பேசிக் பகுதியின் மேலே ப்ரொஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நான்கு சின்னக் கட்டங்கள் இருக்கும். அதை அழுத்தினால் ‘கேமரா மேட்சிங்’ என்ற பிரிவு வரும். ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், நியூட்ரல், விவிட் எல்லாம் உங்கள் கேமராவுக்கென்றே அங்கே உட்கார்ந்திருக்கின்றன, ஒரு பைசா இல்லாமல். அதுவும் கேமராவின் நிறத்தை ஒட்டிச் செய்த நகல்தான். அசலே வேண்டுமென்றால் கேமரா கம்பெனியின் மென்பொருளில் திறந்து பாருங்கள். நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ 2021 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, கேனான்காரர்களுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல் இருக்கிறது. நான் இப்போது சந்தேகம் வரும் ஒரு படத்தை மட்டும் அதில் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். ஆயிரம் படக் கல்யாணத்துக்கு லைட்ரூம்தான் கைக்குப் பழகியிருக்கிறது, சொந்தப் பெயரில் சந்தா கட்டிவிட்டேன்.

பட்டுக்கு இன்னும் ஒரு வேலை. நண்பரிடம் 24 நிறக் கட்டங்கள் உள்ள கலர்செக்கர் அட்டையை இரவல் வாங்கி, மண்டப விளக்கில் ஒன்று, வாசல் வெயிலில் ஒன்று எடுத்து, என் கேமராவுக்கு நானே ஒரு ப்ரொஃபைல் செய்துகொண்டேன். அரைமணி நேர வேலை. மறு அச்சு அதில்தான் போனது. அந்த அம்மா பீரோவிலிருந்து புடவையை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஏழாவது தாள் பக்கத்தில் விரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, காபி வந்தது.

பணத்தைக் கேட்டு அந்தப் பையனுக்கு இரண்டு படங்களையும் அனுப்பியிருந்தேன், தப்பான நிறத்தில் ஒன்று, சரியான நிறத்தில் ஒன்று. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன வாரம் அவன் ஸ்டேட்டஸில் புதுப் பேக் விளம்பரம், 2,000 ப்ரொஃபைல், ஆஃபர் விலை 999. ‘முன், பின்’ என்று போட்டு என் இரண்டு படங்களையும் வைத்திருந்தான். ‘முன்’ என்பதில் அரக்குப் புடவை. ‘பின்’ என்பதில் ராணி பிங்க்.