குடியாத்தம் பக்கத்துக் கடைகளில் மல்லாட்டை விதை: எதை வாங்கலாம்?

ஆடிப்பட்டம் நெருங்கினால் குடியாத்தம், பேரணாம்பட்டு, பலமனேர் விதைக் கடைகளில் மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களான கே-6, டிஎம்வி-2, விஆர்ஐ-2, தரணி, விஆர்ஐ-8 என்று மூட்டைகள் வரிசையாக நிற்கும். பெயர் ஐந்து, வம்சம் ஐந்தல்ல. ஆந்திரத்துக் கதிரியிலிருந்து வந்த கே-6இன் பெற்றோரில் ஒன்று ஜேஎல்-24 என்ற ரகம். விருத்தாசலத்தில் 1989இல் வெளியான விஆர்ஐ-2, ஜேஎல்-24ஐயும் கோ-2ஐயும் சேர்த்தது. திருப்பதியின் தரணி அந்த விஆர்ஐ-2 வழி வந்தது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்தால் கிடைப்பது அரைப் பாதுகாப்புதான். ஜேஎல்-24 டிக்கா என்ற இலைப்புள்ளி நோய்க்கும் துரு நோய்க்கும் தாங்காத ரகம். அதன் வழியில் வந்தவற்றில் 35ஆம் நாளிலிருந்து அடியிலைகளைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

நிலக்கடலைக்கே மரபுவளம் குறைவு. தென் அமெரிக்காவில் இரண்டு காட்டினங்கள் எப்போதோ கலந்து, குரோமோசோம் இரட்டித்து 40 ஆன செடி இது. காட்டு உறவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 20தான் என்பதால் அவற்றோடு எளிதில் கலக்காது. அதனால் நோய் தாங்கும் குணத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது பெரும்பாடு.

டிஎம்வி-2 நம் ஊர்ச் சொத்து. கொடியாகப் படராமல் கொத்தாக வளரும் குடியாத்தம் கொத்து மல்லாட்டையிலிருந்து பொறுக்கி, 1940இல் திண்டிவனத்தில் வெளியிட்டது. காய் சிறிது, பெரும்பாலும் இரண்டு பருப்பு. ஜேஎல்-24 குடும்பத்துக்கு வெளியே உள்ளது என்பதற்காகவே ஒரு துண்டு நிலத்தில் இருக்கட்டும். ஆனால் டிக்கா, துரு இரண்டுக்கும் இதுவும் பலவீனம்; மருந்துச் செலவு குறையும் என்று வாங்க வேண்டாம். அதற்கு விஆர்ஐ-8தான் சரி. துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் தாங்கும் ஏஎல்ஆர்-3 அதன் பெற்றோரில் ஒன்று. கே-6 போடுகிறவர்கள் பாதி நிலத்தை இதற்கு ஒதுக்கினால் உண்மையிலேயே இரண்டு வம்சம் வயலில் நிற்கும்.

மூட்டை வாங்கும்போது சீட்டைப் பாருங்கள். நீலச் சீட்டு சான்று விதை: முளைப்பு குறைந்தது 70 சதம், புறத்தூய்மை (தூசி, பிற விதை கலக்காத அளவு) 96 சதம். உடைத்த பருப்பாக விற்பதைத் தவிர்த்துக் காயாகவே வாங்குவது நல்லது. பருப்பின் கூர்முனையில் தோலுக்கடியில் முளைவேர் லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். இயந்திரத்தில் உடைக்கும்போது முதலில் அடிபடுவது அந்த நுனிதான். தோல் முழுசாக இருந்தாலும் உள்ளே நுனி நசுங்கியிருந்தால் அந்த விதை மண்ணிலேயே அழுகும். கையில் நூறு பருப்பை எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டிவைத்துப் பத்தாம் நாள் எண்ணிப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். பெரும்பருப்பு ரகமானால் 15 சதம் கூட்டிக்கொள்ளுங்கள். 40 கிலோ காய் மூட்டை இரண்டு எடுத்தால், 70 சத உடைப்பில் 56 கிலோ பருப்பு வரும். சொத்தை, சுருங்கலைக் கழித்தால் கணக்குக்குச் சரியாக இருக்கும். விதைப்புக்கு ஒரு வாரம் முன்பு கையால் உடைத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதையுங்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: இந்தக் கொத்து ரகங்களின் விதைக்கு உறக்கம், அதாவது முற்றிய பிறகும் சில நாள் முளைக்காமல் கிடக்கும் குணம், அநேகமாகக் கிடையாது. ஆடியில் விதைத்தது 105 நாளில், ஐப்பசி மழை நேரத்தில் முற்றும். பிடுங்கத் தாமதித்தால் காய்க்குள்ளேயே முளைவிட்டுவிடும். எத்தனை ரகம் கலந்து போட்டாலும் இந்த ஆபத்து குறையாது; எல்லாமே ஏறத்தாழ ஒரே வாரத்தில் முற்றுபவை. நிலத்தைப் பிரித்துப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைப்பதுதான் வழி.

நிலக்கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் அடுத்த ஆண்டுக்குச் சொந்த விதை எடுத்துவைக்கலாம். வயலில் ரகம் கலப்பது அரிது. கலப்பது களத்திலும் காய் பிரிக்கும் இயந்திரத்திலும்தான். ரகம் மாறும்போதெல்லாம் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டு, முதல் கூடைக் காயை விதைக்கு எடுக்காமல் விற்பனைக்கு ஒதுக்குங்கள்.