57 பெல் ஏர் என்று சொல்லி என் தலையில் கட்டிய கார்

அமெரிக்காவில் பழைய செவர்லே வாங்கும் ஆசையில் இருப்பவர்கள், முக்கியமாக 1957 பெல் ஏர் தேடுபவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். விளம்பரத்தில், தொழிற்சாலையிலேயே காருக்குக் கொடுத்த அடையாள எண்ணை "57F" என்று தொடங்கிப் போட்டிருந்தால் உஷாராகிவிடுங்கள். அதற்கு முன்னால் வரவேண்டிய ஓரிரு எழுத்துகளில்தான் காரின் ஜாதகமே இருக்கிறது.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள் உலா வரும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் 57 வைத்திருந்தவர். பெட்ரோல் எங்கே ஊற்றுவது, கண்டுபிடி பார்க்கலாம் என்று சவால் விடுவார். இடது வால் துடுப்பின் ஓரத்து குரோம் பட்டைக்குள் மூடி ஒளிந்திருக்கும். அவரிடம் கதை கேட்டுக் கேட்டே எனக்கும் பைத்தியம் பிடித்தது.

தெற்கு மாநிலம் ஒன்றில், பழைய கார்களை மட்டுமே விற்கும் ஒரு கடை. "பெல் ஏர், இரண்டு கதவு ஹார்ட்டாப், அசல் 283 வி8" என்று விளம்பரம். ஹார்ட்டாப் என்றால் பக்க ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத கார்; 283 வி8 என்றால் 283 கன அங்குல, எட்டு சிலிண்டர் எஞ்சின். படங்களுக்குக் குறைச்சலே இல்லை. டிரைவர் பக்கக் கதவுத் தூணில், அந்த அடையாள எண் பொறித்திருக்கும் தகட்டின் படம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, நாளைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அப்புறம் கேட்டால், வேறொருவர் பணத்தோடு நிற்கிறார், இன்றைக்கே சொல்லுங்கள் என்றார்கள். டைட்டிலையும், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தையும், பணம் வந்த பிறகுதான் தபாலில் அனுப்பினார்கள்.

அதில் முழு எண் இருந்தது. தொடக்கம் B57F.

1957இல் செவர்லே எண் இப்படித்தான் அமையும்: A என்றால் 150 என்ற அடிமட்ட மாடல், B என்றால் 210 என்ற நடு மாடல், C என்றால் உச்ச மாடலான பெல் ஏர். வி8 எஞ்சினோடு பிறந்த காராக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு V வரும். F என்பது ஃபிளின்ட் தொழிற்சாலை. ஆக, எனக்கு வந்தது ஆறு சிலிண்டரோடு பிறந்த 210. வி8 பெல் ஏராக இருந்திருந்தால் VC57 என்று தொடங்கியிருக்கும். இந்த எழுத்துகளைத்தான் விளம்பரத்தில் வெட்டிவிட்டார்கள்.

வெளியே பார்த்தால் சந்தேகமே வராது. 57 காருக்கு எல்லா அலங்காரமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்பக்கத்தில் பெல் ஏருக்கே உரிய வரி வரியான அலுமினியத் தகடு, தங்க நிற கிரில், பெயர் எழுத்துகள், எல்லாம் கடையில் கிடைக்கும். எஞ்சின் அறையின் பின்சுவரில், காரின் உடல் வகையைச் சொல்லும் தகடு ஒன்று இருக்க வேண்டும். பெல் ஏர் ஹார்ட்டாப் என்றால் அதில் 57-1037D என்று இருக்கும். என் காரில் அந்தத் தகட்டையே காணோம், மேலே புது பெயிண்ட்.

"அசல் 283" கதை இன்னும் மோசம். எஞ்சினின் பின்விளிம்பில், டிரைவர் பக்கம், எஞ்சினை வார்க்கும்போதே பதித்த வார்ப்பு எண் இருக்கும். அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் 3970010. பழைய செவர்லே மெக்கானிக் எவரிடம் கேட்டாலும் சட்டென்று சொல்வார், அது பெரும்பாலும் 350 எஞ்சின், 283 அல்ல. 350 வந்ததே 1967 மாடலில்தான்.

துருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடிப்பாகத்திலும், ஹெட்லைட்டுக்கு மேலுள்ள புருவத்திலும், கதவுக்குக் கீழேயும் வைத்துப் பாருங்கள். என் காரில் பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. அத்தனையும் துருப்பிடித்த ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசை, அதில் காந்தம் ஒட்டாது. தரைக்கு அடியில் புதிதாகத் தார் பூசி மறைத்திருந்தார்கள்.

சரி, அடையாள எண்ணை வைத்துக் காரின் பழைய கதையைச் சொல்லும் வரலாற்று அறிக்கை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 17 எழுத்து எண் முறை வந்தது 1981 மாடலில் இருந்து. அதற்கு முந்தைய கார்களுக்கு அந்த அறிக்கைகள் உதவாது. ஓடிய தூரத்தையும் நம்ப முடியாது; ஓடோமீட்டர் ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம்.

210 மட்டமான கார் என்று நான் சொல்லவில்லை. 210 என்று சொல்லி 210 விலைக்குத் தந்திருந்தால் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன்.

கடைக்குப் போன் போட்டேன். "இருக்கிற நிலையில் விற்பனை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள், ஏதோ மனப்பாடம் செய்தது மாதிரி. வழக்கறிஞர் வேறு மாதிரி சொல்கிறார்: காரின் நிலைக்கு அந்த வரி பொருந்தலாம், ஆனால் இன்ன கார் என்று எழுதி விற்றால் அந்த வர்ணனையே உத்தரவாதம் ஆகிவிடும். விளம்பரத்தை முழுசாகப் படம் எடுத்து வைத்திருந்தது இப்போது கைகொடுக்கிறது. நீங்களும் எடுத்து வையுங்கள், விற்றதும் அழித்துவிடுவார்கள். டைட்டிலின் இரண்டு பக்கமும், தூண் தகடும், வார்ப்பு எண்ணும் படமாக வராமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். அந்த ஊரிலேயே பழைய கார்களைச் சோதிக்கும் ஒருவரைக் கூலி கொடுத்து அனுப்பலாம். கார் விலையில் அது தூசு.

கடை இருக்கும் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகு, கடைக்காரர்கள் ஒரு சிறு தொகை தருவதாக இறங்கி வந்தார்கள், வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான் கையெழுத்துப் போடவில்லை. வழக்கறிஞரின் அடுத்த கடிதம் போயிருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.