பாதியாக வெட்டிய டிக்கெட்டை வாங்காதீர்கள் – பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் பெற்றோர் கவனத்துக்கு

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நம் மாவட்டத்தில் ஒரு தெருவுக்குப் பாதி வீடு இப்படித்தானே. பிள்ளைகள் பெங்களூர், சென்னை, பம்பாய், வளைகுடா என்று போய்விட்டார்கள். பேறுகாலம், காதுகுத்து, பால்காய்ப்பு என்றால் நாம்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

போன ஆவணியில் மகன் அங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்கினான். காலையில் பால்காய்ப்பு, அன்று சாயங்காலமே பேத்தியின் முதல் பிறந்தநாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்ததே நாங்கள் ஒரு தடவை வந்தால் போதும் என்பதற்காகத்தான். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். ஆள் பெயரோ கடைப் பெயரோ எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் டிக்கெட் எடுத்துத் தந்த கடைக்காரன் எங்களை ஏமாற்றிய முறையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஜங்ஷனில் ஜெராக்ஸ், இன்டர்நெட், ரயில் டிக்கெட் என்று போர்டு போட்ட கடை ஒன்று உண்டு. அந்தப் பையன் எங்களுக்குத் தெரியாதவன் அல்ல. மின்கட்டணம் முதல் வாழ்நாள் சான்று வரை அவனிடம்தான் போவோம். பெங்களூருக்கு இரண்டு டிக்கெட் வேண்டும், ஐலண்ட் எக்ஸ்பிரஸில் போட்டுத் தா, இவருக்கு முழங்கால் முட்டு ஆபரேஷன் ஆனது, கீழ் பெர்த் இல்லாமல் முடியாது என்றேன். “டீச்சர், நீங்க சொன்ன நாளுக்கு முன்னாடி எதுலயும் இடமில்ல. ஃபங்ஷனுக்கு முந்தின நாள் வண்டியில மட்டும் சீனியர் சிட்டிசன் கோட்டால இரண்டு லோயர் எடுக்கலாம், அதுக்குத் தனியா சார்ஜ் ஆகும்” என்றான். இரண்டு பேருக்கும் 3,400 ரூபாய் சொன்னான். இவருடைய போனிலிருந்து இரண்டு தவணையாக அனுப்பினோம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டாவுக்கு ஒரு ரூபாய்கூடத் தனிக் கட்டணம் கிடையாது. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு ரயில்வேயே வைத்திருக்கிறது. தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் அதில் கேட்கலாம். முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. அதுவே நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய இழப்பு. மிச்சமிருக்கும் இந்தச் சின்ன வசதியையும் காசுக்கு விற்கிறார்கள். அதிகாரபூர்வ ஏஜென்ட் என்றால் ஒரு டிக்கெட்டுக்கு ஸ்லீப்பருக்கு 20 ரூபாயும் ஏசிக்கு 40 ரூபாயும்தான் அதிகபட்ச சேவைக் கட்டணம், அதற்கு வரி. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நான்காம் நாள் டிக்கெட் தந்தான். ஏ4 தாளில் மேல் பாதி மட்டும். கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டியிருந்தது. எங்கள் பெயர், வயது, எஸ்4 பெட்டி, 17, 20, இரண்டும் லோயர். பெயருக்கு நேரே ‘கன்ஃபார்ம்’ என்று இருந்தது. மீதித் தாள் எங்கே மக்களே என்று கேட்டேன். “கீழ வெறும் விளம்பரமும் ரூல்ஸும்தான் டீச்சர், இது போதும்” என்றான். நானும் நம்பி, பைபிள் அளவு பெரிய என் பழைய டைரிக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டேன்.

மகனிடம் சொல்லியிருக்கலாம். அவனே போனில் இரண்டு நிமிஷத்தில் போட்டிருப்பான். வீட்டு வேலை, லோன், ஆபீஸ் என்று ஓடுகிறவனை இதற்கும் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். டிக்கெட் எடுத்தாச்சு என்று மட்டும் சொன்னேன். அவனும் சரிம்மா என்றான். இரண்டு பக்கமும் பாசத்தில் விட்ட இடம் அது. அந்த இடத்தில்தான் இவனைப் போன்ற ஆட்கள் நுழைகிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளும் அடுப்படியில்தான் இருந்தேன். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ். பேத்திக்கு ஒரு சின்னக் குலை மட்டிப்பழம். நம் ஊரில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் பழம் மட்டிதானே, பெங்களூரில் எங்கே கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, என் அம்மா எனக்குத் தந்த குத்துவிளக்கு. பழைய வேஷ்டியில் சுற்றி, தனிப் பையில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தேன். புது வீட்டில் அந்த விளக்கைத்தான் ஏற்ற வேண்டும், பாலை நான்தான் அடுப்பில் வைக்க வேண்டும் என்று மருமகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

இரணியலில் ஏறினோம். 17, 20 இரண்டும் காலியாகத்தான் இருந்தன. சாமானை உள்ளே தள்ளி, இவர் காலை நீட்டி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. அது குழித்துறை வரைதான். அங்கே ஏறிய இளம் தம்பதி, இது எங்கள் சீட் என்று போனை நீட்டினார்கள். எஸ்4, 17, 20. நான் என் பாதித் தாளை நீட்டினேன். இரண்டிலும் அதே நம்பர். அந்தப் பெண் சண்டை போடவில்லை. “இருங்க ஆன்ட்டி, டிடிஇ வரட்டும்” என்று ஓரமாக உட்கார்ந்தாள்.

பாறசாலை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகரான டிடிஇ வந்தார். கையில் இருந்த மெஷினில் என் தாளில் இருந்த பிஎன்ஆர் நம்பரை, அதாவது முன்பதிவு எண்ணை, அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். “அம்மா, நம்பர் உண்மையான நம்பர்தான். ஆனா இது வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட். சார்ட் போட்டப்போ தானா கேன்சல் ஆயாச்சு. உங்க பேர்ல இந்த வண்டியில சீட்டே இல்ல.” தாளில் இருந்த எஸ்4-ஐயும் 17, 20-ஐயும் அவன் கம்ப்யூட்டரில் மாற்றி அடித்திருக்கிறான்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகும். பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டினார்களோ அந்தக் கணக்குக்கே திரும்பும். எங்கள் டிக்கெட்டுக்கு அவன் கட்டிய தொகை ஆயிரத்துச் சொச்சம். அதுவும் பிடித்தம் போக அவனுக்கே திரும்பிப் போய்விட்டது. நாங்கள் கொடுத்த 3,400-உம் அவனிடமே. டிக்கெட்டில் அவனுடைய மொபைல் நம்பரைக் கொடுத்திருந்ததால், ரத்தான மெசேஜ்கூட எங்களுக்கு வரவில்லை.

அந்த டிடிஇயை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டப்படி நாங்கள் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவர்கள். கட்டணத்தோடு ஆளுக்கு 250 ரூபாய் அபராதம் எழுதி ரசீது தந்தார். 36 வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த ரசீதில் கையெழுத்துப் போடும்போது பெட்டியில் எல்லோரும் எங்களையே பார்த்த மாதிரி இருந்தது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி ஜெனரல் பெட்டியைப் பார்த்தோம். படியிலேயே நான்கு பேர் நின்றார்கள். இந்த முட்டு வலியோடு இவர் பெங்களூர் வரை எப்படி நிற்பார்? விட்டுவிட்டோம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டேன். “பிஎன்ஆரை வாசிம்மா” என்றான். பத்து இலக்கத்தையும் வாசித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “கேன்சல்னுதான் காட்டுதும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.” அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாகப் போகும் பெங்களூர் ரயிலிலும் இடமில்லை. பஸ்ஸில் நாகர்கோவிலுக்கே திரும்பினோம். வழியில் நம் தக்கலையைத் தாண்டித்தான் வந்தது பஸ். காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பிய ஊர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்து, மகன் போனில் பிடித்துத் தந்த பெங்களூர் பஸ்ஸின் கடைசி வரிசை சீட்டில் ராத்திரி ஏறினோம். ஒரு ஆளுக்கு 1,800 ரூபாய். கடைசி வரிசையில் குலுங்கிக் குலுங்கி விடியும்போது இவருக்கு முட்டு வீங்கியிருந்தது. மட்டிப்பழம் பாதி நசுங்கிவிட்டது. விளக்கு மட்டும் என் மடியில் பத்திரமாக இருந்தது.

முகூர்த்தம் 9 முதல் 10. அந்த நேரத்தில் பஸ் ஓசூருக்கு வெளியே லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. மருமகளின் தங்கை வீடியோ கால் போட்டாள். அடுப்பில் பானை, பக்கத்தில் மகன், இடுப்பில் பேத்தியோடு மருமகள். விளக்கு பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியதாம். பால் நுரை கட்டி மேலே வருவது தெரிந்தது. அதோடு படம் அப்படியே நின்றுவிட்டது. குரவைச் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. திரும்பப் படம் வந்தபோது பால் பொங்கி வழிந்து முடிந்திருந்தது. நாங்கள் வீட்டுப் படி ஏறும்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. மருமகள் ஒரு டம்ளரில் அந்தப் பாலை எனக்காக மூடி வைத்திருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் கடைக்குப் போனோம். சர்வர் தப்பு என்றான். பணம் ரயில்வேயிலிருந்து வரவில்லை என்றான். கடைசியில் ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டி, இதோடு விடுங்க டீச்சர் என்றான். வாங்கவில்லை. வெட்டிய தாள், அபராத ரசீது, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து ரயில்வே பாதுகாப்புப் படையிடம் எழுதிக் கொடுத்தோம். போலி டிக்கெட் என்பதால் உள்ளூர்ப் போலீசிலும் கொடுத்தோம். அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்து விற்பது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 143-படி குற்றம். 3 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழைக்க வேண்டும். நாங்கள் அதைத் தாமதித்துவிட்டோம், நீங்கள் தாமதிக்காதீர்கள்.

அவன் வெட்டி எறிந்த கீழ்ப் பாதியில் என்ன இருந்தது என்று மகன் தன்னுடைய பழைய டிக்கெட் ஒன்றைத் திறந்து காட்டினான். இது தனிநபர் கணக்கில் எடுத்த டிக்கெட், இதை விற்பதும் வாங்குவதும் பிரிவு 143-படி குற்றம் என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அனுமதி பெற்ற ஏஜென்ட் எடுத்தது என்றால் அந்த ஏஜென்ட்டின் விவரம் டிக்கெட்டிலேயே இருக்கும். கத்தரிக்கோலுக்குக் காரணம் அதுதான். நான் இதைத் தெருவில் சொல்ல ஆரம்பித்த பிறகு இரண்டு வீட்டுக்காரர்கள் அதே மாதிரிப் பாதித் தாளோடு வந்தார்கள். அதில் ஒருவர் மகளின் பேறுகாலத்துக்கு பம்பாய் போகிறவர். பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவருடையதும் வெயிட்டிங் லிஸ்ட்தான். முன்கூட்டியே தெரிந்ததால் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்.

டிக்கெட் யார் எடுத்துத் தந்தாலும் சரி, சொந்தத் தம்பி மகனே எடுத்துத் தந்தாலும் சரி, முழுத் தாளையும் வாங்குங்கள். அதில் உங்கள் மொபைல் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் பிஎன்ஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு பத்து இலக்கத்தையும் போட்டு ரயில்வேயின் 139-க்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். சாதாரண பட்டன் போனிலும் போகும். மெசேஜ் தெரியாதென்றால் 139-க்கே போன் செய்து கேட்கலாம். கிளம்பும் முன் இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம், தட்கால் 10 மணிக்கே அடித்துத் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து ஏசிக்கு 10 மணி முதலும் ஸ்லீப்பருக்கு 11 மணி முதலும் முதல் அரைமணி நேரம் ஏஜென்ட்களுக்கு அனுமதியே இல்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா டிக்கெட் எடுத்தாச்சு என்றால் சரிம்மா என்று போனை வைத்துவிடாதீர்கள் மக்களே. பிஎன்ஆர் என்னம்மா என்று கேளுங்கள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

தையில் பேத்திக்குக் காதுகுத்து. இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும் என்பதால் நாளை எண்ணி வைத்திருந்து, நாகர்கோவில் ஸ்டேஷன் கவுண்டரில் நானே போய் வரிசையில் நின்றேன். படிவத்தில் என் நம்பரை எழுதினேன். டிக்கெட்டைக் கையில் வாங்கி நான்கு அடி நடப்பதற்குள் போன் சத்தம் கேட்டது. இரண்டும் லோயர்.